முதல் டார்கெட் ஏர் ரைஃபிள்: கையில் இருக்கும் காசுக்குள் அமைத்துக்கொள்வது

ஏர் ரைஃபிள் வாங்க வருபவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "எவ்வளவு வேகம்?" என்பதுதான். பத்து மீட்டர் டார்கெட்டுக்கு அதைவிட வீணான கேள்வி கிடையாது. ஒலிம்பிக் அளவில் சுடப்படும் மேட்ச் ரைஃபிளே 0.53 கிராம் பெல்லட்டை (சிறு ஈயக் குண்டை) விநாடிக்கு 170 மீட்டர் வாக்கில்தான் அனுப்புகிறது. ஆற்றல் 8 ஜூலுக்குள் அடங்கிவிடும். அட்டைப்பெட்டியில் ஆயிரம் அடி வேகம் என்று அச்சடித்து விற்கும் ஸ்பிரிங் ரைஃபிளில் சத்தமும் உதறலும் கனமான டிரிகரும்தான் கூடுதலாக வரும். துல்லியம் வராது.

சட்டத்தையும் முதலிலேயே பார்த்துவிடலாம். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டருக்கு (0.177 அங்குலம்) மேற்படாத குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. இரண்டில் ஒன்று கூடினாலும் உரிமம் வேண்டும். 5.5 மில்லிமீட்டர் குழல் பக்கமே போக வேண்டாம். பத்து மீட்டர் போட்டியில் அதற்கு இடமும் இல்லை. கடையில் அடையாளச் சான்று கேட்பார்கள். பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், ரயிலிலும் பேருந்திலும் ரைஃபிளைக் கொண்டுபோகும்போது அதுதான் பேசும்.

இனி எந்த வகை என்பது. ஸ்பிரிங், ஒற்றை அழுத்தக் காற்று (ஒவ்வொரு ஷாட்டுக்கும் லீவரை ஒருமுறை அழுத்திக் காற்று ஏற்றுவது), சிலிண்டரில் முன்பே நிரப்பிய காற்று (பி.சி.பி.) என மூன்று உண்டு. கையில் காசு குறைவு என்றால் இந்தியத் தயாரிப்பு ஸ்பிரிங் ரைஃபிள்தான் வாசல். ஆனால் ஸ்பிரிங் ரைஃபிளில் பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே பிஸ்டன் முன்னே ஓடி நிற்கும், ரைஃபிள் இரண்டு திசையிலும் உதறும். அதனால் பிடி கொஞ்சம் மாறினாலும் பெல்லட் வேறு இடத்தில் போய் விழும். இதைப் பலர் "ரைஃபிள் சரியில்லை" என்று முடிவு கட்டுகிறார்கள். ரைஃபிளின் முன்பகுதியை இறுக்கிப் பிடிக்காமல், உள்ளங்கை மேல் படுக்க வைத்து, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

குழலை மடித்து ஏற்றும் ரைஃபிளில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பீப் சைட் (சிறு துளை வழியே பார்த்துக் குறிவைக்கும் பின் சைட்) போட்டால், முன் சைட் குழலின் மேல், பின் சைட் உடலின் மேல் இருக்கும். கீல் ஒவ்வொரு முறையும் மயிரிழை மாறிப் பூட்டிக்கொண்டால் ஜீரோவும் (குறிவைத்த இடத்திலேயே விழும்படி சைட்டைச் சரிசெய்த நிலை) நகரும். பீப் சைட் பொருத்தத்தான் போகிறீர்கள் என்றால், குழல் அசையாமல் பக்கவாட்டு அல்லது கீழ் லீவரால் ஏற்றும் ரைஃபிள் கிடைத்தால் அதையே எடுங்கள். வீட்டில் பயிற்சி எடுக்க, பிடி பழக, மடிக்கும் ரைஃபிளே போதும். மாநில அளவிலான போட்டிகள் பலவற்றில் ஓப்பன் சைட் (துளைக்குப் பதில் வெட்டுக்குறி வழியே பார்ப்பது) பிரிவு தனியாக உண்டு, அதில் இறங்கவும் இது போதும்.

ஸ்பிரிங் ரைஃபிளில் செய்யவே கூடாதவை உண்டு. பெல்லட் இல்லாமல் சுடாதீர்கள்: பிஸ்டனின் வேகத்தைத் தாங்க முன்னால் காற்று மெத்தை இருக்காது, சீல் நைந்துபோகும். குழல் மடிந்து திறந்திருக்கும்போது விரல் டிரிகர் பக்கம் போகவே கூடாது. குழல் தெறித்து மூடினால் விரல் போகும், ஸ்டாக்கும் (தோளில் வைத்துப் பிடிக்கும் மரப்பகுதி) பிளக்கும். பெல்லட் வைக்கும் வரை மறு கை குழலைப் பிடித்தபடியே இருக்கட்டும். ஏற்றிய நிலையில் மணிக்கணக்கில் வைத்திருந்தால் ஸ்பிரிங் தளரும். தையல் மிஷின் எண்ணெயைக் காற்றறைக்குள் விடுவதும் அடிக்கடி நடக்கிறது. உள்ளே அழுத்தத்தில் காற்று சூடாகும்போது எண்ணெய் பற்றிக்கொண்டு "டப்" என்று வெடிக்கும், புகை வரும், குரூப் (டார்கெட்டில் விழும் ஓட்டைகளின் கூட்டம்) சிதறும். கீலுக்கும் வெளி இரும்புக்கும் மட்டும் எண்ணெய் போடுங்கள்.

சத்தம் திடீரென மந்தமானால், குழல் உடலோடு சேரும் இடத்தில் உள்ள ரப்பர் சீலைச் சந்தேகியுங்கள். மூட்டின் மேல் டிஷ்யூ காகிதத் துண்டை வைத்துச் சுட்டுப் பாருங்கள். காகிதம் பறந்தால் அந்த வழியாகக் காற்று கசிகிறது. சீல் மலிவுதான், பத்து நிமிட வேலை. குரூப் காரணமே இல்லாமல் சிதறினால் வேறெதையும் தொடும் முன் ஸ்டாக்கின் திருகுகளைப் பாருங்கள். உதறலில் அவை மெல்ல மெல்லக் கழன்றுவிடும்.

பி.சி.பி.யில் இந்தத் தொல்லைகள் கிடையாது, உதறல் ஏறக்குறைய இல்லை. புதிய மேட்ச் ரைஃபிள் வெளிநாட்டிலிருந்து வருவது, விலை லட்சக் கணக்கில். ஆகவே பழைய ரைஃபிள்தான் வழி. கிளப்பில் மூத்தவர்கள் புதிது வாங்கும்போது பழையதை விற்பார்கள். அதை வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காதீர்கள், சிலிண்டரில் பொறித்த தேதியைப் பாருங்கள். ஜெர்மன் ரைஃபிள்களின் சிலிண்டருக்குப் பொதுவாகப் பத்தாண்டுதான் ஆயுள் குறிப்பிடுவார்கள். அது முடிந்ததைப் போட்டியில் உபகரணச் சோதனையில் அனுமதிக்க மாட்டார்கள். புது சிலிண்டர் விலையைக் கேட்டால் "மலிவாகக் கிடைத்தது" என்ற எண்ணம் போய்விடும். அந்த விலையைக் கழித்துத்தான் பேரம் பேச வேண்டும்.

அடுத்தது கசிவு. 200 பார் (அழுத்த அளவு) வரை காற்று நிரப்பி, அளவுமானியைப் படம் எடுத்துவைத்து, மறுநாள் பாருங்கள். நிரப்பிய உடனே சூட்டினால் கூடுதலாகக் காட்டும், ஆறியதும் கொஞ்சம் இறங்கும். அது கசிவல்ல. அதற்குப் பிறகும் இறங்கினால் இணைப்பில் சோப்பு நீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம்தான். புது ஓ-ரிங்குக்கு சிலிகான் கிரீஸ் மட்டும். பெட்ரோலிய கிரீஸ் அழுத்தக் காற்றோடு சேர்ந்தால் தீப்பற்றும்.

நிரப்புவதில் ஒரு எச்சரிக்கை: மருத்துவ ஆக்சிஜன், வெல்டிங் ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து ஒருபோதும் நிரப்பாதீர்கள். உள்ளே துளி கிரீஸ் இருந்தாலும் வெடிக்கும். கிளப்பின் ஸ்கூபா (முக்குளிப்பவர்களின் காற்று) சிலிண்டரிலிருந்து மெதுவாக நிரப்புவதே நல்லது. கைப்பம்பு வாங்கினால், கடற்கரை ஊர்களில் காற்றோடு ஈரமும் உள்ளே போகும் என்பதை மறக்க வேண்டாம். ஈரம் உறிஞ்சும் வடிகட்டி போட்டு, ஐம்பது முறை பம்பு அடித்ததும் நிறுத்தி, பம்பின் கீழே உள்ள திருகைத் திறந்து தண்ணீரை வெளியேற்றி, ஆறவிட்டு அடியுங்கள். ஒரே மூச்சில் அடித்தால் பம்பின் சீல்தான் முதலில் போகும்.

ரைஃபிள் வந்தாயிற்று. உடம்புக்கு அதைப் பொருத்துவதுதான் மீதி வேலை, இதில்தான் மிகக் குறைந்த காசில் மிக அதிகப் பலன். ரைஃபிளின் பின்முனையை முழங்கை மடிப்பில் வைத்தால் ஆள்காட்டி விரலின் முதல் கணு டிரிகர் வரை வர வேண்டும். குட்டையாக இருந்தால், பின்தட்டைக் கழற்றி 6 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டுகளை அதே வடிவில் வெட்டி நடுவே வைத்து, நீளத் திருகு போடுங்கள். தச்சரிடம் கொடுத்தால் அரை நாள் வேலை. அடுத்து கண்ணை மூடியபடி ரைஃபிளைத் தூக்கிக் கன்னத்தை வசதியாக வைத்து, கண்ணைத் திறங்கள். கண் பின் சைட் துளைக்கு நேராக இருக்க வேண்டும். கழுத்தை வளைத்தோ கன்னத்தை அழுத்தியோ பார்க்க வேண்டியிருந்தால் கன்னத்தட்டு தாழ்வு. ஈ.வி.ஏ. ஃபோம் தகடுகளை ஒட்டி, மேலே துணி டேப் சுற்றி உயர்த்திக்கொள்ளலாம்.

நின்று சுடும்போது இடது முழங்கை இடுப்பெலும்பின் மேல் ஊன்ற வேண்டும் (வலது கைக்காரர்களுக்கு). கை குட்டையானவர்களுக்கு ரைஃபிள் தாழ்ந்துவிடும், அதைத் தசை பலத்தால் தூக்குவார்கள், பத்து ஷாட்டில் கை நடுங்கும். முன்ஸ்டாக்கின் அடியில் ஒரு மரக்கட்டையைப் பொருத்தி உயரத்தைச் சரி செய்தால் எலும்பே தாங்கும். எடை விஷயத்தில், விதிப்படி 5.5 கிலோ உச்சம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த எடை ரைஃபிளைக் கொடுத்தால் போட்டிக்கு முன் முதுகுவலிதான் வரும். மூன்றரை, நாலு கிலோவில் தொடங்கட்டும்.

சைட்டுக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள். முன் சைட்டில் போடும் வளையத்தை டார்கெட்டின் கறுப்பை ஒட்டினாற்போல் சின்னதாகப் போடுவது ஆரம்பகாலத் தவறு. கறுப்பின் விட்டம் 30.5 மில்லிமீட்டர். கண்ணிலிருந்து முன் சைட் 90 சென்டிமீட்டர் வாக்கில் இருந்தால், கறுப்பு அங்கே 2.7 மில்லிமீட்டர் அளவாகத் தெரியும். 3 மில்லிமீட்டர் வளையம் போட்டால் வெள்ளைக்கோடே இல்லாமல் கண் திணறும். 4.0, 4.2 போடுங்கள். கறுப்பைச் சுற்றி அகலமான வெள்ளை வளையம் தெரிந்தால், அது ஒருபுறம் தடித்தாலும் கண் உடனே கண்டுபிடிக்கும்.

ஜெர்மன் பீப் சைட்டில் குமிழ்களின் குறியை நம் வழக்கப்படி படித்தால் ஷாட் எதிர்ப்பக்கம் ஓடும். அதில் எச் என்ற பக்கம் திருப்புவது "ஷாட் மேலே விழுந்தது, கீழே இறக்கு" என்பதற்காக. ஆர் என்றாலும் அப்படியே, வலப்புறம் விழுந்ததை இடப்புறம் நகர்த்தும். சந்தேகம் இருந்தால் பத்து கிளிக் திருப்பி மூன்று ஷாட் சுட்டுப் பாருங்கள், திசையும் ஒரு கிளிக்கின் அளவும் சேர்ந்தே தெரிந்துவிடும். ஸ்பிரிங் ரைஃபிளில் சைட் உதறலில் பின்னோக்கி நழுவும், நழுவாமல் தடுக்கும் முளை ஒன்றைப் பொருத்த மறக்காதீர்கள்.

டிரிகரை எடுத்த எடுப்பிலேயே இறகு போல் இலேசாக்க வேண்டாம். ஏர் ரைஃபிளுக்கு விதியில் குறைந்தபட்ச டிரிகர் எடை இல்லைதான். ஆனால் முதல் கட்டம் (இலேசாக நகர்வது), இரண்டாம் கட்டம் (தடை தட்டி விடுபடுவது) இரண்டும் விரலுக்குத் தெளிவாகத் தெரியும்வரை கனமாகவே இருக்கட்டும். சரி செய்தபின், குழல் பெல்லட் பொறியை (பெல்லட்டைப் பிடித்து நிறுத்தும் தடுப்பு) நோக்கியிருக்க, ஏற்றிய ரைஃபிளின் ஸ்டாக்கை உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். தானே விடுபட்டால் அந்த அளவு ஆபத்து.

பெல்லட் தேர்வை எல்லோரும் கடைசியில் வைக்கிறார்கள், அதை முன்பே செய்துவிடலாம். தலை தட்டையான பெல்லட் மட்டும்தான், காகிதத்தில் வட்டமாக வெட்டி விழும். ரைஃபிளுக்கு 0.53 கிராம் வகை. ஸ்பிரிங் ரைஃபிள் சிலவற்றுக்கு 0.45 கிராம் இலேசானது ஒத்துப்போகும். தலை விட்டம் 4.48 முதல் 4.52 வரை கிடைக்கும். எது உங்கள் குழலுக்குச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது, சுட்டுத்தான் பார்க்க வேண்டும். கிளப்பில் நாலைந்து வகையில் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி, மணல் மூட்டை மேல் கையை வைத்து, கையின் மேல் ரைஃபிளை வைத்து, ஒவ்வொன்றிலும் ஐந்து ஷாட் கொண்ட இரண்டு குரூப் சுடுங்கள்.

அளவுகோல் இதுதான். பத்துப் புள்ளியின் விட்டம் வெறும் 0.5 மில்லிமீட்டர், பெல்லட் 4.5. ஓரம் தொட்டாலே பத்து என்பதால் பெல்லட்டின் மையம் நடுவிலிருந்து 2.5 மில்லிமீட்டருக்குள் விழுந்தால் போதும். ஆக, ஓட்டைகளின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை குரூப் 9.5 மில்லிமீட்டருக்குள் இருந்தால், அந்த ரைஃபிளால் எல்லாம் பத்தாகவே சுட முடியும். மலிவான ஸ்பிரிங் ரைஃபிளே நல்ல பெல்லட்டோடு இதை நெருங்கும். 12 மில்லிமீட்டர் வந்தாலும் முதல் ஆண்டுக்குத் தாராளம். பிசகு முழுக்க அதுவரை சுடுபவரிடம்தான் இருக்கும். ஒத்துப்போன வகை தெரிந்ததும், அதே தொகுதி எண்ணில் இரண்டு மூன்று டப்பா வாங்கிவையுங்கள். டப்பாவில் 500 இருக்கும்.

வீட்டில் சுட 10 மீட்டர் நீளமும், குறுக்கே கதவு திறக்காத இடமும், டார்கெட் மையம் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரமும் வேண்டும். பின்னால் சாய்த்து வைத்த இரும்புத் தகடு, அதன் அடியில் பழைய துணி நிரப்பிய பெட்டி. நிமிர்ந்த தகட்டில் பட்டால் பெல்லட் திரும்பி வரும், கண்ணாடி அணியாமல் சுடாதீர்கள். டார்கெட் மேல் 1500 லக்ஸ் வெளிச்சம் என்பது போட்டி அளவு, ஒரு நல்ல எல்.இ.டி. ஃபிளட் விளக்கே கொடுத்துவிடும். ஈயத்தூளை விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். கை கழுவாமல் டீ குடிக்க உட்கார வேண்டாம்.

உடையில் முதலில் ஜாக்கெட்டும் கையுறையும் போதும். கால்சட்டை, ஷூ பிறகு. ஜாக்கெட் அளவெடுத்துத் தைத்ததாக இருக்கட்டும். இன்னொருவருடையதைப் பாதி விலைக்கு வாங்கினால் முதுகில் மடிப்பு விழுந்து எதற்கும் உதவாது. வியர்வையில் நனைந்ததைப் பைக்குள் திணித்தால் தோல் பூஞ்சை பிடிக்கும், நிழலில் விரித்துக் காயவையுங்கள்.

போட்டிக்குப் போவதென்றால் மாவட்ட ரைஃபிள் கிளப்பில் உறுப்பினராகி, மாநிலச் சங்கம் வழியாகத் தேசிய ரைஃபிள் சங்கத்தின் அடையாள எண் வாங்க வேண்டும். பிறப்புச் சான்று, ஆதார், புகைப்படம் எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். இனிஷியல் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்றிருந்தால் படிவம் திரும்பி வரும். உபகரணச் சோதனையில் எடை, நீளம், சிலிண்டர் தேதி, ஜாக்கெட்டின் தடிமனும் விறைப்பும் பார்ப்பார்கள். குழலில் பாதுகாப்பு நூல் (உள்ளே பெல்லட் இல்லை என்று காட்டுவது) இல்லாமல் ரைஃபிளை வெளியே எடுக்கக் கூடாது. அதைக் கடையில் வாங்க வேண்டியதில்லை: புல்வெட்டும் மிஷினுக்குப் போடும் ஆரஞ்சு நைலான் நூல் ஒரு மீட்டருக்கு மேல் வெட்டி, குழலின் இரு பக்கமும் வெளியே தெரியும்படி விட்டால் சரி.