அம்மாவின் பென்ஷனில் ஓடிய மாதம்

2019 பிப்ரவரி முதல் வாரம் எங்கள் வீட்டுக்கு அரிசி வாங்கியது அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்தில். நான் அரசுத் தொடக்கப் பள்ளி இடைநிலை ஆசிரியை. பழைய பென்ஷன் கேட்டு ஜாக்டோ ஜியோ, அதாவது ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பு, நடத்திய வேலைநிறுத்தத்தில் ஒன்பது நாள் கலந்துகொண்டதால் ஜனவரிச் சம்பளம் 31ஆம் தேதி வரவில்லை. வீட்டுக்காரர் வைத்திருந்த தென்னந்தோப்பை அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் கஜா புயல் சாய்த்துப் போட்டிருந்தது.

அம்மா பாஸ்புக்கை மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு பேருந்தில் ஆலங்குடி போனார். ஏடிஎம் கார்டு வைத்துக்கொள்ளவே மாட்டார். கவுண்டரில் எடுத்து, ஒருமுறை எச்சில் தொட்டு எண்ணி, முந்தானையில் முடிந்து கொண்டுவந்தார். எட்டாயிரத்தை என் கையில் வைத்தபோது, "உங்கப்பா குடுத்ததா நெனச்சுக்க" என்றார். அப்பா தலைமையாசிரியராக 1994இல் ஓய்வு பெற்றவர், 2011இல் போய்விட்டார். பொழுதுக்கும் வேலை பார்க்கிற எனக்கு, எட்டு வருஷம் முன்னால் இறந்தவர் சோறு போட்டார் என்று எடுத்துக்கொண்டாலும் தப்பில்லை. நாங்கள் எதைக் கேட்டுத் தெருவில் உட்கார்ந்தோமோ அது அந்த முந்தானை முடிச்சுக்குள் இருந்தது.

தெரியாதவர்களுக்கு அன்றைய நிலையைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 1.4.2003 முதல் அரசு வேலைக்கு வந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது. சிபிஎஸ் என்கிற பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்தான். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து அதில் 10 சதவீதம் பிடிப்பார்கள், அரசு அதே அளவு போடும். ஓய்வு பெறும்போது மொத்தமாக ஒரு தொகை வரும். மாதாமாதம் ஒன்றும் வராது. பழைய திட்டத்தில் இருப்பவர்கள் வருங்கால வைப்பு நிதியில் கடன் போட்டு மகள் கல்யாணத்தை முடிப்பார்கள். நம் சிபிஎஸ் பணத்தில் அவசரத்துக்கு ஒரு ரூபாய் எடுக்க முடியாது. எங்கள் பள்ளியிலேயே 2002 டிசம்பரில் சேர்ந்த டீச்சர் ஒருவர் இருந்தார். அதே வகுப்பு, அதே சாக்பீஸ். அவருக்கு உண்டு, எனக்கு இல்லை.

நான் சேர்ந்தது 2004இல், மாதம் 3,000 ரூபாய் தொகுப்பூதியத்தில். 1.6.2006இல் முறையான ஊதியத்துக்கு வந்தபோது எல்லோருக்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தேன். சிபிஎஸ் எண் என்று ஒன்று கொடுத்தார்கள். அது என்னவென்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2003 ஜூலையில் ஓய்வூதியச் சலுகைகளில் கைவைத்ததற்காக ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்ய, ஜெயலலிதா அரசு டெஸ்மா என்கிற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தைக் கையில் எடுத்து சுமார் 1.7 லட்சம் பேரை ஒரேயடியாக வேலையை விட்டு நீக்கியது. அப்போது நான் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தவள். டிவியில் செய்தி பார்த்ததும் என் மனதில் முதலில் ஓடியது, "அப்போ நமக்குக் கிடைக்குமோ?" என்பதுதான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். பெரும்பாலானவர்களை அந்த மாதமே, மன்னிப்பு எழுதி வாங்கிக்கொண்டு, திரும்பச் சேர்த்தார்கள். ஆகஸ்ட் 6ஆம் தேதி, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சிபிஎஸ்ஸுக்கான அரசாணை 259க்கும் அதே தேதிதான். ஒரே நாளில் இரண்டும் போயிருக்கிறது, அதில் ஒன்றுகூட எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

சரி, 2019க்கு வருகிறேன். ஜனவரி 22 அன்று ஆரம்பித்தோம். புதுக்கோட்டையில் மறியல், வேனில் ஏற்றுவார்கள், கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து சாயங்காலம் விடுவார்கள். ஒரு மண்டபத்தில் முந்தைய முகூர்த்தத்துக்குக் கட்டிய வாழைமரம் வாசலில் காய்ந்து தொங்கியது. மணமேடையில் சங்கத் தலைவர் பேசிக்கொண்டிருக்க, கீழே நாங்கள் தக்காளி சாதம் சாப்பிட்டோம். எனக்கு முன்னால் இரண்டு இளம் ஆசிரியர்கள் செல்போனில் சிபிஎஸ் கணக்குச் சீட்டைத் திறந்து, தலா எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் என்னுடையதைப் பார்த்தேன். பதினோரு மாதப் பிடித்தம் வரவிலேயே இல்லை. சம்பளத்தில் பிடித்தது பட்டியலில் இருக்கிறது, கணக்கில் மட்டும் காணோம்.

காவலுக்கு இருந்த பெண் போலீஸ் ஒருவர், இருபத்தெட்டு வயது இருக்கும், மின்விசிறிக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் கணக்குச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்திருக்கிறார். குனிந்து ஷூ லேஸைக் கட்டுகிற மாதிரி என் பக்கம் சாய்ந்து, "நாங்களும் சிபிஎஸ்தான் டீச்சர். நல்லா கேளுங்க" என்றார். பிறகு நிமிர்ந்து, "யாரும் வெளிய போகக் கூடாது, உள்ளயே இருங்க" என்று சத்தம் போட்டார்.

ஊரில் அந்த மாதிரி யாரும் பேசவில்லை. கூரை பறந்து தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிற சனங்களிடம் பென்ஷன் கதை எடுபடுமா? என் வகுப்பில் படிக்கிற பிள்ளையின் அப்பத்தா கடைத்தெருவில் பிடித்துக்கொண்டார். "எனக்கு முதியோர் பணம் ஆயிரம் ரூவா தாயி. நீ அறுபது வயசுக்கு மேல வாங்கப்போறதுக்கு இப்பவே பள்ளிக்கூடத்தைப் பூட்டிப்புட்டியே." பதில் சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்கும் நாங்கள் கேட்டது சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த அப்பத்தாவிடம் ஒரு நாளாவது போய் உட்கார்ந்து பேசிவிட்டுக் கேட்டிருக்க வேண்டும். புயலுக்குப் பிறகு நிவாரணப் பட்டியல் எடுக்க அதே வாசலில் நின்றவள்தானே நான்.

அதற்குள் தற்காலிக ஆசிரியர்களை எடுக்கப்போகிறோம் என்று அரசு அறிவித்தது. முதலில் மாதம் 7,500 என்றார்கள், பிறகு 10,000. விண்ணப்பம் வாங்கப் போனவர்களில் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி. ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ முடித்துவிட்டு ஜவுளிக்கடையில் நின்றுகொண்டிருந்தாள். பேருந்து நிறுத்தத்தில் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த காகித உறையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். "போட்டுட்டு வாம்மா" என்று மட்டும் சொன்னேன். அவளைக் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை? அப்பா ஏன் எழுந்து வாசலுக்குப் போனார் என்பது அப்போதுதான் புரிந்தது.

வேலைக்குத் திரும்பாதவர்களின் இடம் காலியிடமாக அறிவிக்கப்படும் என்று கெடு வைத்தார்கள், கெடுவை நீட்டினார்கள், பலர் போய்ச் சேர்ந்தார்கள். 30ஆம் தேதி போராட்டம் நின்றது. கைக்கு ஒன்றும் வரவில்லை. எனக்கு 17(பி) குறிப்பாணை, அதாவது ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டுக் கடிதம், வந்தது, அதைப் பின்னால் ரத்து செய்தார்கள்.

அப்புறம் 2021 தேர்தலில் பழைய பென்ஷனைத் திரும்பக் கொண்டுவருவோம் என்று திமுக வாக்குறுதி கொடுத்தது. ஆட்சிக்கு வந்து நான்காவது வருஷம், 2025 பிப்ரவரியில், ஐஏஎஸ் அதிகாரி ககன்தீப் சிங் பேடி தலைமையில் ஓய்வூதியத் திட்டங்களை ஆராய ஒரு குழு போட்டார்கள். 2026 ஜனவரி 6 முதல் காலவரையற்ற வேலைநிறுத்தம் என்று அறிவித்திருந்த நிலையில், மூன்று நாள் முன்னால் தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் என்று முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். கடைசிச் சம்பளத்தில் பாதி பென்ஷன், நம் 10 சதவீதப் பங்கு தொடரும். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர் லட்டுப் படம் போட்டார்கள், மீதிப் பேர் "பழையது எங்கே?" என்று கேட்டார்கள். நான் இரண்டுக்கும் கட்டைவிரல் போட்டேன். விட்டுப்போன பதினோரு மாதத்துக்கு நான்காவது மனு அப்போதுதான் எழுதிக்கொண்டிருந்தேன்.

டிவியில் செய்தி ஓடியபோது அம்மா பக்கத்தில்தான் இருந்தார். இப்போது எண்பத்திரண்டு வயது. "உனக்கும் பென்ஷன் புக்கு குடுப்பாகளா?" என்று கேட்டார். கொடுப்பார்கள் போலிருக்கிறது, நான் ஓய்வு பெற இன்னும் பத்து வருஷம் இருக்கிறது என்றேன். அந்த எட்டாயிரத்தை நான் இன்னும் திருப்பித் தரவில்லை என்பது ஞாபகம் வந்தது.

"பென்ஷன் வந்ததும் மொத வேலையா உன் கடனை அடைச்சிடுறேம்மா."

"வெரசா வரச் சொல்லு" என்றார்.