பதினோராவது டைல்ஸ்

போன தீபாவளிக்கு மறுநாள் விடிகாலை. மாடியில் யாரோ ஃப்ளஷ் பண்ண, கீழ் பாத்ரூம் தரை ஜாலிக்குள்ளிருந்து 'குளுக்... குளுக்' என்று சத்தம். பல் தேய்த்துக்கொண்டிருந்த நான் காலைத் தூக்கிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் ஜாலி வழியாகக் கறுப்பாகத் தண்ணீர் ஏறி, அரை இன்ச் நின்று, மெதுவாக இறங்கியது.

வீட்டில் அன்று ஒன்பது பேர். ஓசூரிலிருந்து அண்ணன் குடும்பம், கூடவே என் நாத்தனார். முந்தின நாள் ஒன்பது பேரும் எண்ணெய் தேய்த்துக் குளித்திருக்கிறோம். நல்லெண்ணெயும் சீயக்காயும் அந்த ஜாலிக்குள்தான் போயின. பழி உடனே சீயக்காய் மேல் விழுந்தது. "ஷாம்பு போட்டிருந்தா இந்தப் பாடு இல்ல" என்றார் அண்ணி. அம்மா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

என் வீட்டுக்காரர் பேச்சில்லாத ஆள், செயல்வீரர். ஒரு கையில் ஆசிட் பாட்டில், இன்னொரு கையில் பிளீச்சிங் பவுடர் டப்பாவோடு பாத்ரூமுக்குள் நுழைந்தார். நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள். போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கதவைச் சாத்திய பாத்ரூமில் அது விளையாட்டு இல்லை. அது கிடக்கட்டும், அடைப்புக்கு ஆசிட் ஊற்றுவதே வீண் வேலை. முடியையோ துணியையோ வேரையோ அது கரைக்காது. மொசைக் தரையை அரிக்கும். செப்டிக் டேங்கில் மலத்தைச் செரிக்கிற பாக்டீரியாவைக் கொல்லும்.

தீபாவளிக்கு மறுநாள் பிளம்பர் கிடைப்பாரா? கூப்பிட்ட நாலு பேரில் மூன்று பேர் ஊருக்குப் போயிருந்தார்கள். நாலாவது ஆள் "மதியத்துக்கு மேல வர்றேன் மேடம்" என்றார். அதுவரை மாடி பாத்ரூமைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார் அம்மா. மேலே ஊற்றுவதெல்லாம் கீழே பொங்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மூன்று மணிக்கு வந்தவர் பாத்ரூமுக்குள் போகவே இல்லை. அது எனக்கு ஆச்சரியம். நேராகப் பக்கவாட்டுச் சந்துக்குப் போய், வீட்டிலிருந்து செப்டிக் டேங்குக்குப் போகும் குழாயில் நடுநடுவே கட்டிய சின்னத் தொட்டிகளான மூன்று சேம்பர்களின் மூடிகளையும் கடப்பாரையால் நெம்பினார். முதலாவதில் தளும்பத் தளும்பத் தண்ணீர். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவது காய்ந்து கிடந்தது, ஒரு கரப்பான் மட்டும் ஓடியது. "இங்கதான்" என்று இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் தரையைக் காலால் தட்டினார். ஒரே ஒரு வாஷ்பேசின் நின்றால் கோளாறு அதன் டிராப்பில், அதாவது அடியில் வளைந்திருக்கிற குழாயில். கீழ்வீட்டில் எல்லாமே நின்றால் மெயின் லைனில். சேம்பரில் தண்ணீர் நின்றால் அடைப்பு அதற்கு அப்புறம், காய்ந்திருந்தால் அதற்கு முன்னால். இவ்வளவுதான் கணக்கு. இது தெரியாமல் இத்தனை வருஷம் ஜாலியைக் குச்சியால் குத்திக்கொண்டிருந்தேன்.

அவரிடம் நவீன மெஷின் எதுவும் கிடையாது. நீளமான மூங்கில் பத்தைகளை ஒன்றோடொன்று கட்டி உள்ளே விட்டார். ஆறேழு அடியில் முட்டியது. முன்னும் பின்னும் இழுத்து, திருகி, ஒரே இழுப்பாக இழுத்தார். சாமியார் ஜடை மாதிரி ஒரு பெரிய வேர்க்கொத்து வந்தது. பக்கத்து மனை வேப்பமரத்தின் வேர். எங்கள் வீடு 1994இல் கட்டியது. அன்றைக்குப் போட்டது பிவிசி இல்லை, சுட்டமண் குழாய். இரண்டு இரண்டு அடித் துண்டுகளைச் சிமெண்ட் வைத்துப் பூசிச் சேர்ப்பார்கள். பூச்சில் மயிரிழை விரிசல் விட்டால் போதும், வேர் மோப்பம் பிடித்து நுழைந்துவிடும். அது ஒரு வலை மாதிரி நிற்க, மற்றதெல்லாம் அதில் மாட்டிக்கொள்ளும். வேர்க்கொத்தில் என்னென்ன இருந்தன என்று விவரிக்க மாட்டேன். பாத்திரம் தேய்க்கிற தேங்காய் நாரும், 'ஃப்ளஷ் பண்ணலாம்' என்று பாக்கெட்டில் போட்டே விற்கிற ஈரத் துடைப்பான்களும் இருந்தன என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். சீயக்காய் நிரபராதி.

ஐந்நூறு ரூபாய். தண்ணீர் பாய்ந்தோடியது. அண்ணன் குடும்பம் ஊருக்குக் கிளம்பியது. கதை இதோடு முடிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் மழை பிடித்தது. நாங்கள் இருப்பது மேற்குத் தாம்பரத்தைத் தாண்டி, முடிச்சூர் பக்கம். 2015 டிசம்பரில் அடையாறு வந்து வீட்டுக்குள் உட்கார்ந்த ஊர். மழை நாலு நாள் சேர்ந்தாற்போல் பெய்தால் நிலத்தடி நீர் ஏறி, சாக்கடைத் தண்ணீருக்குப் போக்கிடம் இருக்காது. மறுபடி 'குளுக்'. இந்த முறை நானே சந்துக்குப் போய் மூடிகளைத் திறந்தேன். மூன்றாவது சேம்பரும் நிரம்பியிருந்தது. ஆக, குழாயில் குற்றமில்லை. செப்டிக் டேங்கே நிரம்பிவிட்டது.

பிளம்பரிடம் போனில் சொன்னேன். "லாரி சொல்லிடுங்க மேடம். மூடி எங்க இருக்கு?"

மூடி எங்கே இருக்கிறது?

அம்மாவுக்குத் தெரியவில்லை. "எல்லாம் உங்கப்பாதான் பார்ப்பாரு." அப்பா போய் ஆறு வருஷமாகிறது. அவர் எதையும் எழுதிவைக்காத மனிதர் இல்லை. பால் கணக்கைக்கூட டைரியில் எழுதுவார். ஆனால் 2011இல் போர்டிகோவுக்கு டைல்ஸ் போட்டபோது, அழகு கெடுகிறது என்று மூடிக்கு மேலேயே டைல்ஸை ஒட்டச் சொல்லிவிட்டார். ஓசூருக்குப் போன் போட்டால், "கேட்டுக்கு இடது பக்கம்" என்றான் அண்ணன். "யாருக்கு இடது? உள்ள இருந்து பாத்தா இடதா, வெளிய இருந்தா?" பதில் இல்லை.

கடைசியில் கண்டுபிடித்தது கிரகப்பிரவேச ஆல்பம். ஒரு படத்தில் வாழைமரம் கட்டிய கேட்டுக்குப் பின்னால், பட்டுப்பாவாடையோடு நான் ஒரு சிமெண்ட் பலகை மேல் நிற்கிறேன். பலகையின் நடுவில் இரும்பு வளையம். அதுதான் மூடி. கேட் தூணிலிருந்து தூரத்தைக் கண்ணால் அளந்து, டைல்ஸை எண்ணினேன். பத்தோ பதினொன்றோ.

லாரி மறுநாள்தான் கிடைத்தது. மழைக்காலத்தில் ஊரே வரிசையில் நிற்கிறது. டிரைவர் இளவயசுப் பையன். நான் காட்டிய இடத்தில் கடப்பாரையின் பின்முனையால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிக்கொண்டே வந்தான். 'டொக், டொக், டொக்', பதினோராவதில் 'டம்'. "இதான் அக்கா." டைல்ஸை உடைக்கும்போது அம்மா திண்ணைப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

மூடியை நகர்த்தியதும் அந்தப் பையன் செய்த முதல் காரியம், எங்களை எல்லாம் பத்தடி தள்ளிப் போகச் சொன்னது. அரை மணி நேரம் அப்படியே திறந்து கிடக்க விட்டான். நாற்றம் தாங்காமல் அம்மா ஊதுபத்தி கொளுத்திக்கொண்டு வர, "பாட்டி! நெருப்பு வேணாம்!" என்று அலறினான். உள்ளே மீத்தேன். அதைவிட மோசம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. வாடை போய்விட்டது என்று நம்பிக் குனிகிறவர் அப்படியே விழுவார். தூக்கப் போகிறவரும் விழுவார்.

தொட்டி பத்தடி நீளம், ஐந்தடி அகலம், ஐந்தடி ஆழம். கணக்குப் போட்டால் சுமார் 7,000 லிட்டர். லாரி 6,000 லிட்டர், ஆகவே இரண்டு நடை. நடைக்கு 2,500 ரூபாய். மழை ரேட். தொட்டியில் மேலே ஏடு மாதிரி ஒரு மிதப்பு, நடுவில் தண்ணீர், அடியில் மண்டி. நடுத்தண்ணீர்தான் உறைகிணற்றுக்குப் போய் மண்ணில் ஊற வேண்டும். மண்டி ஏற ஏற, தண்ணீர் தங்கித் தெளிய இடம் குறைந்து, கலங்கலாகவே வெளியேறி, உறைகிணற்றுச் சுற்றுமண்ணையும் அடைத்துவிடும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டியது. நாங்கள் டைல்ஸ் போட்டதிலிருந்து எடுக்கவில்லை. போதாததற்கு வாஷிங் மெஷின் தண்ணீரையும் அதில்தான் விட்டுக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது நடையின் முடிவில் மோட்டார் வெறும் காற்றை இழுத்தது. அடியில் இரண்டடி மண்டி, களிமண் மாதிரி கெட்டிதட்டி நின்றது. அப்போது வந்து சேர்ந்த நம் பிளம்பர் எட்டிப் பார்த்துவிட்டு, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்: "ஒரு ரெண்டாயிரம் குடுங்க மேடம். நம்ம பசங்க ரெண்டு பேர் இருக்காங்க. இறங்கி வாரிடுவாங்க."

நல்ல வேலைக்காரர். அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு 1999 ஞாபகம் வந்தது. அன்றும் இதே தொட்டி. ஒருவர் கோமணத்தோடு, உடம்பெல்லாம் மண்ணெண்ணெய் பூசிக்கொண்டு இறங்கினார். அப்பா மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முடித்து வந்தவருக்கு அம்மா டீயைக் கொட்டாங்கச்சியில் ஊற்றிக் கொடுத்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், எதுவும் கேட்கவில்லை. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

"அது சட்டப்படி குற்றம்ணே" என்றேன். 2013ஆம் வருஷத்துச் சட்டம். பாதுகாப்புக் கருவி இல்லாமல் செப்டிக் டேங்குக்குள் ஆளை இறக்கினால் முதல் முறையே இரண்டு வருஷம் வரை ஜெயில் அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் தர வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நான் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். பிளம்பர் சிரித்தார். "சட்டம் எல்லாம் இருக்குது மேடம், பசங்களுக்கு வேலை வேணும்ல." நான் அடுத்த வாக்கியத்தைத் தேடுவதற்குள் அம்மா குரல் திண்ணையிலிருந்து வந்தது:

"என் வீட்டுல எவனும் இறங்கக் கூடாது. நாறினா நாறட்டும்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கொட்டாங்கச்சி அவருக்கும் ஞாபகம் வந்ததா என்று நான் இன்னும் கேட்கவில்லை.

வழி சொன்னது லாரிப் பையன்தான். வீட்டு சம்ப்பிலிருந்து ஓஸ் போட்டு மண்டி மேல் தண்ணீரைப் பீய்ச்சி, வெளியே நின்றபடியே நீள மூங்கிலால் கலக்கு கலக்கு என்று கலக்கி, கரைந்ததை உறிஞ்சினான். மூன்றாவது நடை, இன்னொரு 2,500. ஒன்றரை மணி நேரம் ஆனது. முழுக்க வழித்தெடுக்கவில்லை. "கொஞ்சம் விட்டாதான் அக்கா திரும்ப வேலை செய்யும்" என்றான். தயிருக்கு உறை விடுகிற மாதிரி என்று சொல்ல வந்து, பகல் சாப்பாட்டை நினைத்து நிறுத்திக்கொண்டேன். எங்கே கொண்டுபோய்க் கொட்டுவாய் என்று கேட்டேன். பெருங்குடி சுத்திகரிப்பு நிலையம் என்றான். வண்டியில் ஜிபிஎஸ் இருக்கிறதாம், வேறெங்கும் திருப்ப முடியாதாம். ராத்திரியில் ஏரிக்கரையோரம் லைட்டை அணைத்துவிட்டு நிற்கும் லாரிகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். நம்பலாம் என்றுதான் தோன்றியது. அவனுக்கும் பிளம்பருக்கும் அம்மா எவர்சில்வர் டம்ளரில் டீ கொடுத்தார்.

மழை விட்டதும் குழாய் வேலை. சுட்டமண் குழாயைத் தோண்டி எடுத்துவிட்டு 4 இன்ச் பிவிசி. மொத்தம் 22 அடி. வாட்டம் பத்தடிக்கு மூன்று இன்ச் என்று பிளம்பர் டியூப் லெவல் பிடித்தார். வாட்டம் குறைந்தால் கெட்டியானது நின்றுவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அளவு மீறிக் கொடுத்தாலும் தண்ணீர் முந்தி ஓடிவிட்டு, கெட்டியானது பின்தங்கிவிடுமாம். இதையும் அவர்தான் சொன்னார். கூலியும் சாமானும் 9,400. வாஷிங் மெஷின் லைனைப் பிரித்துத் தென்னைமரத்தடிக்கு விட்டாயிற்று. தென்னைக்கு அந்தச் சோப்புத் தண்ணீர் ஆகுமா என்று அம்மாவுக்குச் சந்தேகம், எனக்கும்தான்.

உடைந்த டைல்ஸ் இருந்த இடத்தில் இப்போது இரும்புச் சட்டம் போட்ட மூடி. பார்க்க ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி இருக்கிறது. பீரோ கதவின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன்: 'கேட் தூணிலிருந்து 11ஆவது டைல்ஸ். கடைசியாக எடுத்தது: நவம்பர்.' என் மகள் அதன் கீழே 'உள்ளிருந்து பார்த்தால் இடது' என்று சேர்த்திருக்கிறாள்.

ஒரு வேலை பாக்கி. அப்பா வைத்த வெண்ட் பைப்பை, மொட்டைமாடியில் ஷீட் போட்ட ஆட்கள் பாதியில் வெட்டி, வாயைச் சிமெண்டால் பூசிவிட்டிருந்தார்கள். டேங்க் வாயு அதன் வழியாகத்தான் மேலே போக வேண்டும். அதை ஷீட் உயரத்துக்கு மேலே நீட்டி, தலையில் கொசுவலை கட்ட வேண்டும். பொங்கலுக்கு அப்புறம் வருகிறேன் என்றார் பிளம்பர். எந்தப் பொங்கல் என்று கேட்டு வைத்திருக்க வேண்டும்.