ஷேர் என் பேர்ல, ஓனர் மாமா: பேங்க் அக்கவுண்ட் திறக்கப் போய் கத்துக்கிட்டது

மலேசியாவுல கிள்ளான்ல இருக்குற எங்க மாமாவுக்கு சிங்கப்பூர் தேக்கா பக்கம் மசாலா ஹோல்சேல் பண்ணணும்னு ரொம்ப நாள் ஆசை. இங்க கம்பெனி போட்டா ஒரு டைரக்டராவது சிங்கப்பூர்ல குடியிருக்குற ஆளா இருக்கணும், அதனால நான் டைரக்டர் ஆனேன், அப்படியே ஷேர் மொத்தத்தையும் என் பேர்லயே போட்டுட்டோம், ஆனா போட்ட 80,000 வெள்ளியும் (டாலர்) அவரோடது. குடும்பத்துக்குள்ளதானேன்னு ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதிக்கல.

பேங்க் ஃபார்ம்ல "பெனிஃபிஷியல் ஓனர்"னு ஒரு கட்டம். என் பேரையே எழுதினேன். ஆபிசரம்மா பொறுமையா கேட்டாங்க, முதலீடு யாரு போட்டா, லாபம் யாருக்குப் போகும், நாளைக்கு கம்பெனிய வித்தா காசு யாருக்கு? மூணுக்கும் மாமான்னுதான் சொன்னேன். அப்ப உண்மையான ஓனர் அவரு, நீங்க நாமினி, அதாவது அவருக்காகப் பேருக்கு ஷேர் வச்சிருக்கறவருன்னு ஃபார்மைத் திருப்பிக் குடுத்துட்டாங்க.

அப்புறம்தான் கம்பெனி செக்ரட்டரி தலையில கை வச்சாரு. 25 சதவீதத்துக்கு மேல யாருக்கு உண்மையில உரிமை இருக்கோ அவங்கள கன்ட்ரோலர் ரெஜிஸ்டர்ல எழுதணும், 2017லேர்ந்தே சட்டம், 2020லேர்ந்து அக்ராவுக்கும் (கம்பெனிகளைப் பதிவு பண்ற அரசாங்க அமைப்பு) அனுப்பணும். நாங்க குடுத்த தகவலே தப்பு. மாமாவுக்கு நோட்டீஸ் அனுப்பி, அவர் பதில் வாங்கி, ரெஜிஸ்டர திருத்தி, ரெண்டு வேலை நாளுக்குள்ள அக்ராவோட ஆன்லைன் தளமான பிஸ்ஃபைல்ல ஏத்தினோம். நாமினி ஷேர்ஹோல்டர் ரெஜிஸ்டர்ல என் பேரும் ஏறுச்சு.

நோட்டீஸ் போனதும் மாமா போன்ல, "ஏன்டா, என்னைய போலீஸ்ல பிடிச்சுக் குடுக்கப் போறியா?"ன்னு கேட்டாரு. அந்த கன்ட்ரோலர் ரெஜிஸ்டர பொதுமக்கள் பார்க்க முடியாது, அரசாங்க அமைப்புங்க மட்டும்தான் பார்க்கும்னு செக்ரட்டரியே பேசினப்புறம்தான் சமாதானம் ஆனாரு.

எனக்கு உறைச்சது வக்கீல் கேட்ட ஒரு கேள்வி. "தம்பி, நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா, இந்த ஷேர் மாமாவோடதுன்னு உங்க வீட்டுல யாருக்குத் தெரியும்?" யாருக்கும் தெரியாது. ரெக்கார்டுப்படி அது என் சொத்து, என் பொண்டாட்டி பிள்ளைங்களுக்குத்தான் போயிருக்கும், இல்ல எனக்குக் கடன் குடுத்தவன் வந்து நின்னிருப்பான், மாமா பாவம் அவர் போட்ட காசுக்கு கோர்ட் வாசல்ல நின்னிருக்கணும். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. அதனால டிரஸ்ட் டீட், அதாவது ஷேர் யாருக்காக வச்சிருக்கேன்னு சொல்ற பத்திரம் எழுதினோம்: ஷேர வச்சிருக்கறது நான், டிவிடெண்ட் அவருக்கு, ஓட்டு அவர் சொல்றபடி, கேட்டப்ப மாத்திக் குடுக்கணும்.

பேங்க் கேட்டது மாமாவோட பாஸ்போர்ட் காப்பி, வீட்டு முகவரிக்கு ஒரு பில், காசு எங்கேர்ந்து வந்துச்சுன்னு காட்ட ஆறு மாச ஸ்டேட்மெண்ட். இந்த மாதிரி யாராவது சொந்தக்காரங்களுக்காக ஷேர் வச்சிருந்தா டீட முதல்ல எழுதிட்டு அப்புறம் பேங்குக்குப் போங்க, நாங்க தலைகீழா பண்ணி மூணு வாரம் போச்சு.

மாமா கிள்ளான்லேர்ந்து பஸ் பிடிச்சு வந்து கையெழுத்துப் போட்டாரு. ஒரு காப்பி அத்தைகிட்ட, இன்னொன்னு என் பொண்டாட்டி பீரோவுல.