கல்வி நிர்வாகத் தாளில் சட்டப் பகுதி: புள்ளி எங்கே போகிறது?

பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்கோ கல்வி நிர்வாக சேவைப் பரீட்சைக்கோ கொழும்பில் ஆயத்தமாகிறவர்களிடம் பெரும்பாலும் ஒரே குறிப்புத்தான் கைமாறிக்கொண்டிருக்கும். 1939, 1945, 1960, 1987 என்று ஆண்டுகள் வரிசையாக இருக்கும். சட்டம் பற்றி எந்தக் கேள்வி வந்தாலும் அந்த வரிசை அப்படியே விடைத்தாளுக்குப் போய்விடுகிறது. ஆனால் பரீட்சகர் தேடுவது, இன்று ஒரு பாடசாலையில் எதை யார் தீர்மானிக்கலாம், அந்த அதிகாரம் அவருக்கு எந்தப் பத்திரத்திலிருந்து வருகிறது என்பதைத்தான்.

ஆகவே முதலில் படிகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். மேலே அரசியலமைப்பு. அதன் கீழே சட்டங்கள். அவற்றின் கீழே வர்த்தமானியில் வெளிவரும் ஒழுங்குவிதிகள். கடைசியில் இசுருபாயவிலிருந்து, அதாவது கல்வி அமைச்சிலிருந்து, வரும் சுற்றுநிருபங்கள். சுற்றுநிருபத்தைச் ‘சட்டம்’ என்று எழுதுவதுதான் விடைத்தாள்களில் அலுக்க அலுக்கக் காணும் பிழை. தரம் 1 அனுமதி சுற்றுநிருபத்தால் நடக்கிறது. வதிவிடம், பழைய மாணவர், சகோதரர் என்ற பிரிவுகளையும் அவற்றின் வீதங்களையும் அமைச்சு அடுத்த சுற்றுநிருபத்திலேயே மாற்றிவிடலாம். கட்டாயப் பாடசாலை வரவு அப்படிப்பட்டதல்ல. அது 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதி. 1997இல் 5 முதல் 14 வயது வரை என்று வந்தது, 2016இல் 16 வரை நீட்டப்பட்டது. பழைய குறிப்புகளில் 14 என்றே கிடக்கும், திருத்திக்கொள்ளுங்கள்.

அந்தக் கட்டளைச் சட்டத்தை வரலாற்றுப் பகுதியில் போட்டு மூடிவிடாதீர்கள். திருத்தங்களோடு அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன் இடத்தைப் பிடிக்கும் முழுமையான புதிய கல்விச் சட்டம் பற்றிப் பேச்சு அடிக்கடி எழுந்து அடங்குகிறது. சுதந்திரத்துக்கு முந்திய அரச சபை காலத்தில், கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது வந்த சட்டம் அது. மாகாண சபையைப் பற்றியோ, மத்திய அமைச்சு நேரடியாக நிர்வகிக்கும் தேசிய பாடசாலையைப் பற்றியோ அதில் ஒரு சொல் இருக்க வழியில்லை. அந்த இடைவெளியைத்தான் சுற்றுநிருபங்கள் நிரப்பிக்கொண்டிருக்கின்றன. இந்த ஒரு விளக்கம் விடையில் இருந்தால் மற்ற விவரங்கள் தாமாக வந்து பொருந்தும்.

அரசியலமைப்பில் அடுத்த பொறி இருக்கிறது. எல்லாருக்கும் சமமான கல்வி வாய்ப்பு என்பது 27(2)ஆம் உறுப்புரையில், அரச கொள்கையின் வழிகாட்டற் கோட்பாடுகளுக்குள் வருகிறது. அவற்றை நீதிமன்றத்தில் வலியுறுத்த முடியாது என்று 29ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆகவே ‘கல்வி இலங்கையில் அடிப்படை உரிமை’ என்று மொட்டையாக எழுதினால் புள்ளி குறையும். பிள்ளைக்கு அனுமதி மறுக்கப்பட்ட பெற்றோர் உயர் நீதிமன்றம் போவது 12(1)இன் சமத்துவ உரிமையைப் பிடித்துக்கொண்டு, 126ஆம் உறுப்புரையின் கீழ், ஒரு மாதத்துக்குள். அந்த ஒரு மாதத்தை எழுதாமல் விடுகிறவர்களே அதிகம்.

இனி மாகாண சபைகளுக்கு வழிவகுத்த, அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம். தாளின் கனமான பகுதி இதுதான். ஒன்பதாம் அட்டவணையில் மூன்று நிரல்கள். கல்வி மாகாண சபை நிரலிலும் இருக்கிறது, மத்திக்கும் மாகாணத்துக்கும் பொதுவான ஒருங்கிய நிரலிலும் இருக்கிறது. எல்லா விடயங்களுக்குமான தேசியக் கொள்கையோ மத்திக்கு மட்டும் உரிய ஒதுக்கிய நிரலில். ‘கல்வி மாகாணங்களுக்குப் பகிரப்பட்டது’ என்ற ஒற்றை வரி இதனால்தான் அரைகுறை. மூன்றாம் பின்னிணைப்பைத் தேடி வாசியுங்கள்: குறித்துரைக்கப்பட்ட பாடசாலைகள் தவிர்ந்த அரச பாடசாலைகளுக்கு வசதியளிப்பது மாகாணத்தின் வேலை என்கிறது. அந்த விதிவிலக்கில் முதலில் நிற்பது தேசிய பாடசாலை. எந்தப் பாடசாலை தேசிய பாடசாலை ஆகலாம் என்பதற்கான அளவுகோல் அங்கே இல்லை. கதவு அங்கே திறந்தே கிடப்பதால்தான் தேசிய பாடசாலைகளின் தொகை கூடிக்கொண்டே போனது. 2020க்குப் பிறகு ஆயிரம் தேசிய பாடசாலை என்று ஒரு திட்டமே அறிவிக்கப்பட்டது.

பயிற்சிக்கு ஒரு கேள்வி: கொழும்பு வலயத்து மாகாணப் பாடசாலை ஒன்று தேசிய பாடசாலையாக்கப்பட்டால் என்ன மாறும்? ஒரு தாளை நடுவே கோடிட்டு இரண்டாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். நிர்வாகப் பொறுப்பு மேல் மாகாணக் கல்வித் திணைக்களத்திலிருந்து மத்திய அமைச்சுக்குப் போகும். ஆசிரியர் நியமனமும் ஒழுக்காற்று நடவடிக்கையும் மாகாண அரசாங்க சேவை ஆணைக்குழுவின் பக்கத்திலிருந்து மத்திய அரசாங்க சேவை ஆணைக்குழுவின் கல்விச் சேவைகள் குழுவின் பக்கம் போகும். சம்பளம், நிதி ஆணைக்குழுவின் பரிந்துரையோடு திறைசேரி மாகாணத்துக்குத் தரும் மானியத்தில் வராமல் அமைச்சின் ஒதுக்கீட்டில் வரும். மாறாதவற்றையும் மறக்காமல் எழுதவேண்டும்: பாடத்திட்டம் 1985ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த தேசிய கல்வி நிறுவகத்திடமே இருக்கும், பரீட்சை 1968ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின்படி நடக்கும், ஆசிரியர் சேவையின் விதிகளைச் சொல்லும் பிரமாணக் குறிப்பும் ஒன்றே. பலர் மாறும் பக்கத்தை மட்டும் நிரப்பிவிட்டு நிறுத்துகிறார்கள். ஆசிரியர் ஒருவர் மாகாணப் பாடசாலையிலிருந்து தேசிய பாடசாலைக்கு இடமாற்றம் கேட்டால் ஏன் இழுபடுகிறது என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது: விடுவிக்க ஒரு அதிகாரி, ஏற்க இன்னொரு அதிகாரி.

தனியார் பாடசாலைகளை இரண்டு வரியில் முடிக்கலாம், ஆனால் சரியாக முடிக்கவேண்டும். 1960இன் 5ஆம் இலக்க, 1961இன் 8ஆம் இலக்கச் சட்டங்கள் அரசிடம் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசின் கீழ்க் கொண்டுவந்தன, கொழும்பு சென். ஜோசப் போன்ற சில தனியாராகவே நின்றன. 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குத் தனியார் புதிதாகப் பாடசாலை தொடங்குவதை 1961இன் சட்டம் தடுத்தது. சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவானது இதன் பின்விளைவு. அவற்றைக் கல்வி அமைச்சு மேற்பார்வை செய்கிறது என்று சும்மா எழுதிவிடாதீர்கள்.

நேரத்தைப் பற்றி: மூன்று மணித்தியாலத்தில் ஐந்து கேள்வி என்றால் ஒன்றுக்கு 36 நிமிடம். அதில் ஐந்து நிமிடம் எலும்புக்கூடு போடச் செலவழியுங்கள்: பிரச்சினை என்ன, பாடசாலை எந்த வகை, எந்தப் படியிலுள்ள பத்திரம், தீர்மானிக்கிறவர் யார், பாதிக்கப்பட்டவர் எங்கே முறையிடலாம். சட்டத்தின் இலக்கம் நினைவில் இல்லையென்றால் ஆண்டை மட்டும் எழுதலாம். தவறான இலக்கம் எழுதுவதைவிட அது மேல். சுற்றுநிருபத்தை மேற்கோள் காட்டும்போது அதன் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள், பரீட்சைக்கு முந்திய வாரம் அது இரத்தாகிவிட்டதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தரம் 1 அனுமதிக்கான அறிவுறுத்தல் ஆண்டுதோறும் புதிதாக வருவதால் போன ஆண்டுப் பிரதியை நம்பிப் போகக்கூடாது.