படத்தில் இல்லாத ஊர்க்காரர்கள்

ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ்மியூசியத்தின் எதிரே போய் நின்றேன். 'ஐ ஆம்ஸ்டர்டாம்' என்று ஆளுயரத்தைத் தாண்டிய எழுத்துகள் நின்ற இடம் அது. 2004-இல் தொடங்கிய விளம்பரம். 2018 டிசம்பரில் நகரமன்றமே அந்த எழுத்துகளை அங்கிருந்து எடுத்துவிட்டது. ஆங்கிலத்தில் 'ஐ ஆம்', அதாவது 'நான்' என்று அந்த ஊரில் வாழ்பவர் சொல்ல வேண்டிய வாசகம். அதன்மேல் ஏறிப் படமெடுத்ததோ பெரும்பாலும் என்னைப் போன்ற வெளியூர்க்காரர்கள். கூட்டம் தாங்காமல் ஊர்க்காரர்கள் சலித்துப்போனதில் வியப்பில்லை.

அப்புறம் ஃபரோ தீவுகளுக்குப் போனேன். இந்தப் பயணத்தின் உண்மையான காரணமே அதுதான்.

வட அட்லாண்டிக்கில் 18 தீவுகள், 50,000-க்குச் சற்று அதிகமான மக்கள். ஆடுகள் அவர்களைவிட அதிகம். தெருக்களைப் படமாகக் காட்டும் கூகுளின் 'ஸ்ட்ரீட் வியூ'வில் தங்கள் தீவுகள் இல்லையே என்று 2016-இல் அங்கேயே வாழும் ஒரு பெண் செம்மறியாடுகளின் முதுகில் கேமராவைக் கட்டிவிட்டார். உலகமே திரும்பிப் பார்த்தது. கூகுளும் கருவிகளோடு வந்தது. ஊருக்குள்ளிருந்து வந்த யோசனை என்பதால்தான் அதில் அவ்வளவு உயிர் இருந்தது என்று நினைக்கிறேன்.

பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா, கிளம்பி வந்தார்கள். மலைப்பாதைகள் சேறாயின. 2019 ஏப்ரலில் ஒரு வார இறுதிக்கு முக்கியமான இடங்களை 'பராமரிப்புக்காக மூடப்பட்டுள்ளது' என்று அறிவித்தார்கள். வெளிநாடுகளிலிருந்து 100 தன்னார்வலர்கள் மட்டும் வரலாம். தங்குமிடமும் சாப்பாடும் இலவசம், ஊர்க்காரர்களோடு சேர்ந்து பாதையைச் செப்பனிட வேண்டும். விருந்தாளி வேலையாளாக வந்தார். இதைவிட நேர்மையான சுற்றுலா விளம்பரம் எனக்குத் தெரியாது.

நான் தங்கிய வீட்டம்மா ஆடு வளர்ப்பவர். ஒரு காலை என்னை மேட்டுக்கு அழைத்துப் போனார். பனிமூட்டத்தில் வழி தவறாமலிருக்க அந்தக் காலத்தில் அடுக்கிய கற்குவியல்கள் வரிசையாக நின்றன. நடுவில் புதிதாக, அழகுக்காக யாரோ அடுக்கிய சின்னக் குவியல் ஒன்று. அம்மா குனிந்து, ஒவ்வொரு கல்லாக எடுத்துத் தள்ளி வைத்தார். மூட்டத்தில் வருகிறவர் இதை நம்பித் திரும்பினால் கீழே செங்குத்துப் பாறைதான் என்றார். இந்த விஷயம் எந்த விளம்பர நிறுவனத்தின் அறைக்குள்ளும் தோன்றியிருக்காது. அங்கே நடப்பவருக்குத்தான் தெரியும்.

"விளம்பரப் படங்களில் பாறை இருக்கிறது, கடல் இருக்கிறது, நாங்கள் எங்கே?" என்று கேட்டார். என் கேமராவில் இருந்த படங்களைப் புரட்டிப் பார்த்தேன். அவற்றிலும் யாருமே இல்லை.

ஊருக்கு ஒரு பெயரையும் படத்தையும் வாசகத்தையும் முடிவு செய்யும் முன்னால் இவரைப் போன்றவர்களை உட்கார வைத்துக் கேட்க வேண்டும். எல்லாம் அச்சான பிறகு ஒப்புதலுக்காகக் கூப்பிடுவதில் பயனில்லை. எதைக் காட்டலாம், எதை மறைக்கலாம், எந்த மாதம் யாரும் வர வேண்டாம் என்பதெல்லாம் அவர்கள் கையில் இருக்கட்டும்.

கிளம்பும்போது அம்மா ஒன்று சொன்னார்: "படம் போடு, வழி போடாதே. மே மாதம் அங்கே ஆடுகள் குட்டி ஈனும்." சரி என்றேன். அதனால்தான் நாங்கள் நடந்த அந்தப் பாதையின் பெயர் இந்தப் பதிவில் இல்லை.