நீச்சல் குளத்துக்கு நிலநடுக்கத் திட்டம் போட்ட கதை

லைஃப்கார்டுகளில் மூத்தவன் என்பதால், எங்கள் உள்ளரங்கக் குளத்துக்கு நிலநடுக்கத் திட்டம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. கையில் கிடைத்த மாதிரித் திட்டம், அலுவலகத்துக்கு எழுதியது. மேஜைக்கு அடியில் புகுந்துகொள் என்கிறது. ஆறடி ஆழத்தில் மேஜைக்கு எங்கே போவது?

முதலில் அண்ணாந்து பார்த்தேன். 2005 ஆகஸ்டில் ஜப்பானின் செண்டாயில், திறந்து சில வாரங்களே ஆன உள்ளரங்கக் குளத்தின் தொங்குகூரை நிலநடுக்கத்தில் பெயர்ந்து விழுந்தது. 20 பேருக்கு மேல் காயம். குளக் காற்றில் உள்ள குளோரின் சேர்மங்கள் கூரையைத் தாங்கும் உலோகத்தை அரிக்கவும் செய்யும். பொறியாளரைக் கூப்பிடச் சொன்னேன். நிர்வாகம் முனகிவிட்டு ஒப்புக்கொண்டது.

தண்ணீரும் சும்மா இருக்காது. 1985 மெக்சிகோ நிலநடுக்கத்தின்போது சுமார் 2,000 கி.மீ. தள்ளி, அமெரிக்காவின் டூசானில் ஒரு பல்கலைக்கழகக் குளத்தில் தண்ணீர் தளும்பி வெளியே கொட்டியிருக்கிறது. ஆகவே நீரில் இருப்பவர்கள் பக்கத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மிதவைப் பலகையால் தலையை மறைக்க வேண்டும். ஆட்டம் நின்ற பிறகே ஏற வேண்டும் என்று எழுதினேன்.

என்னை அதிகம் பயமுறுத்தியது, குளத்து நீரில் கலக்கும் மருந்துகளை வைக்கும் அறைதான். திரவக் குளோரின் கேன்கள் மேல்தட்டில், நேர் கீழே ஆசிட். இரண்டும் உடைந்து கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து வரும். ஆசிட்டை வேறு அறைக்கு மாற்றினோம். குளோரின் கேன்களைத் தரைமட்டத்தில், கசிந்தால் பிடிக்கும் தொட்டிக்குள் இறக்கி வைத்தோம்.

அப்புறம் ஒத்திகை. எதிரொலியில் விசில் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே யாருக்கும் தெரியவில்லை, கைச்சைகையும் சேர்த்தோம். வெளியேறும் வாசலில் ஒரு பாட்டி நின்றுவிட்டார். "கண்ணாடி உடைஞ்சு கிடந்தா வெறுங்காலோட எப்படிப்பா வர்றது?" நியாயமான கேள்வி. இப்போது வாசலருகே ஒரு கூடை நிறைய ரப்பர் செருப்பு, பக்கத்தில் போர்வைகள். சாவி எடுக்க லாக்கர் பக்கம் ஓடுபவர்களைத் தடுக்க மட்டும் ஒரு ஆள் தேவைப்பட்டது.

மறுபடி திறப்பதில்தான் இழுபறி. பம்ப், ஹீட்டர், நீரடி விளக்குகள் எல்லாம் அணைத்திருக்க வேண்டும். நீர்மட்டத்தில் டேப் ஒட்டி, மறுநாள் நீர் அதற்குக் கீழே இறங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே திறக்க வேண்டும். ஒரு நாள் மூடினால் வருமானம் போகுமே என்றார்கள். கடைசியில் அந்த வரி திட்டத்தில் நின்றது, மேலாளர் கையெழுத்தோடு.