எந்தத் தோல்?

துபாயில் வாசனைத் திரவியக் கடையில் வேலைக்குச் சேர்வதற்கு முன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான்கு வருடம் இருந்தேன். வந்திறங்கும் தோல்களைத் தரம் பிரிக்கும் வேலை. கையால் தடவியும் வெளிச்சத்தில் சாய்த்தும் பார்ப்போம், முகர்ந்தும் பார்ப்போம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோலில் காய்ந்த மரப்பட்டையின் இனிப்பு லேசாக இருக்கும். குரோம் உப்பில் பதனிட்டதில் அது கிடையாது. பிறகு ஏற்றிய எண்ணெயும் மேல்பூச்சும்தான் மணக்கும். கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் பிரித்துச் சொல்ல முடிந்த மூக்கு ஒன்று இருந்ததால்தான், இன்டர்வியூவில் பெர்ஃப்யூம் பற்றி என்ன தெரியும் என்று கேட்டபோது நான் தயங்கவில்லை.

சேர்ந்த முதல் வாரம் பயிற்சி. ஒரு அட்டவணை கொடுத்தார்கள். இடது பக்கம் வாசனை, வலது பக்கம் அதைப் போடுகிறவரின் குணம். பூவாசனை என்றால் மென்மையானவர். எலுமிச்சை, ஆரஞ்சு என்றால் சுறுசுறுப்பு. சந்தனம், தேவதாரு என்றால் நிதானம். தோல் வாசனைக்கு நேராக, ஆணை இடுகிறவர், அடங்காதவர், ஆண் என்று போட்டிருந்தது. வாடிக்கையாளர் உள்ளே நுழைந்து கவுன்ட்டர் வரை வருவதற்குள் அவர் எந்த வரிசை என்று கணித்துவிட வேண்டும். நானும் மனப்பாடம் செய்தேன். கனத்த கடிகாரமும் இறுக்கமான கோட்டும் வந்தால் 'டஸ்கன் லெதர்' பாட்டிலைக் கையில் எடுத்துவிடுவேன். டாம் ஃபோர்டு 2007இல் கொண்டுவந்த அந்த வாசனை வளைகுடாவில் நன்றாகப் போகும். டார்கெட்டும் ஓடியது.

ஆனால் என் மூக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முதல்முறை அந்த வாசனையைத் தெளித்த காகிதப் பட்டையை முகர்ந்தபோதே இது நான் கையாண்ட தோல் இல்லை என்று தெரிந்துவிட்டது. அதில் குங்குமப்பூ இருந்தது, ராஸ்ப்பெரி பழத்தின் புளிப்பு இருந்தது, கீழே புகை இருந்தது. தோலிலிருந்து யாரும் அத்தர் இறக்குவதில்லை என்பதை அப்புறம்தான் கற்றுக்கொண்டேன். தோல் வாசனை என்று பாட்டிலில் இருப்பது பல பொருள்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு நினைவு. அதில் பழைய சரக்கு பிர்ச் மரப்பட்டையைச் சுட்டு எடுக்கும் தார். ரஷ்யாவில் தோலுக்கு அந்த எண்ணெயைத்தான் ஏற்றினார்கள். நீரும் பூச்சியும் அண்டாது. மாஸ்கோவில் பிறந்து பிரான்ஸுக்கு வந்த எர்னஸ்ட் போ, சானல் நிறுவனத்துக்காக 1920களில் செய்த வாசனைக்கு 'ரஷ்யத் தோல்' என்றே பெயர். ஐசோபியூட்டைல் குயினோலின் என்ற செயற்கைப் பொருள் வந்தபின் பச்சையான, கசப்பான, கூரான தோல் வாசனை சாத்தியமானது. 1944இல் 'பாண்டி' என்ற வாசனையில் அதைத் துணிந்து ஊற்றியவர் ஜெர்மேன் செலியே. அவர் பெண்; அந்த வாசனையும் பெண்களுக்கானது. அதற்கும் முன்பே, 1919இல், கரோன் நிறுவனத்தின் 'தபாக் ப்ளோன்' என்ற தோல் வாசனை வந்துவிட்டது. அதுவும் பெண்களுக்கே. எங்கள் அட்டவணையில் இருந்த 'ஆண்' என்ற சொல்லுக்கு என்ன ஆதாரம் என்று பயிற்சியாளரிடம் கேட்க அப்போது எனக்குத் தைரியம் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், நான் ஆம்பூர்க்காரன் என்பதால் மனதில் தங்கிவிட்டது. இன்று வாசனைத் திரவியத்தின் தலைநகர் என்று போற்றப்படும் பிரான்ஸின் கிராஸ், முதலில் தோல் பதனிடும் ஊர். தோலின் நாற்றம் போகக் கையுறைகளுக்கு வாசனை ஏற்றினார்கள். பின்னர் தோல் தொழில் நலிந்தது, வாசனை நிலைத்தது. பாலாற்றங்கரையில் வளர்ந்தவனுக்கு அந்த ஊரை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கும். எங்கள் ஆற்றுக்கு அப்படி ஒரு இரண்டாம் வாழ்வு இன்னும் வாய்க்கவில்லை.

எங்கள் தளத்தின் சூப்பர்வைசர் ஒரு பிலிப்பினோ அம்மா. ஐம்பதை நெருங்கியவர், எங்கள் எல்லோரையும்விடக் குள்ளம், குரல் உயராது. பிலிப்பினோப் பெண்கள் அவரை 'ஆத்தே' என்பார்கள். அவர்கள் மொழியில் அக்கா. என் காதுக்கு அது வேறு மாதிரியும் விழும். நானும் அப்படியே கூப்பிட்டேன். அட்டவணைப்படி அவர் பூவாசனை வரிசை. பெரும்பாலான நாட்களில் வாசனையே போடமாட்டார். ஆனால் சில நாள் காலையில் அவர் லாக்கர் அறையைத் தாண்டிப் போனால் பின்னாலேயே டஸ்கன் லெதர் வரும். ஸ்டாக் கணக்கு எடுக்கும் நாள், மேலாளரிடம் எங்கள் விடுமுறைக்காகப் பேச வேண்டிய நாள், ஒரு பெண்ணின் சம்பளத்தைத் தவறாகப் பிடித்தம் செய்துவிட்டார்கள் என்று காகிதத்தோடு மாடிக்குப் போன நாள். 'ஆத்தே இன்னைக்குத் தோல் போட்டிருக்காங்க' என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். அட்டவணை சரிதான், துணிச்சல் வேண்டிய நாளில் துணிச்சலின் வாசனையைப் பூசிக்கொள்கிறார் என்று நான் வெகுநாள் நம்பினேன்.

ஒரு ரமலான் மாதம், இரவு ஷிஃப்ட், கடையில் ஆளே இல்லை. கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். சொந்த ஊர் மரிகினா என்றார். மணிலா பெருநகரில் அடங்கிய ஊர். 1887இல் அங்கே தொடங்கிய செருப்புத் தொழில் ஊர் முழுக்கப் பரவி, பிலிப்பைன்ஸின் ஷூ தலைநகரம் என்ற பெயரே வந்துவிட்டது. அவருடைய அம்மா வீட்டிலேயே உட்கார்ந்து ஷூவின் மேல்தோலைத் தைத்தவர். பள்ளிவிட்டு வந்தால் பாயில் தோல் துண்டுகள், பசை டப்பா, அவற்றுக்கு நடுவே அம்மா. "இந்த வாசனையில் எண்பது பங்கு பொய். ஆனால் நாலு மணி நேரம் கழித்து மணிக்கட்டில் கடைசியாக மிஞ்சுகிறதே, அது மட்டும் எங்கள் வீடு" என்றார். யாரிடமாவது எதையாவது கேட்டு நிற்க வேண்டிய நாளில் மட்டும் ஒரே ஒரு தெளிப்பு. பாட்டிலை ஊழியர் தள்ளுபடியில் வாங்கியிருந்தார். இரண்டு வருடமாகியும் பாதிகூடக் குறையவில்லை.

நான் ஆம்பூரைச் சொன்னேன். எங்கள் தெருப் பெண்கள் ஷூ கம்பெனி வேனுக்காக விடியலில் நிற்பதைச் சொன்னேன். அன்று இரவு இரண்டு பேரும் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று எந்தத் தோலுக்கு எந்த ஊசி என்று பேசிக்கொண்டிருந்தோம். கூப்பிட்டுப் பேச வாடிக்கையாளர் எவரும் வரவில்லை.

அதன்பிறகு நான் அட்டவணையை விட்டேன். ஆளின் குணத்தைக் கணிப்பதை நிறுத்திவிட்டு ஒரே கேள்வி கேட்டேன்: தோல் என்றதும் உங்களுக்கு நினைவு வருவது எந்தத் தோல்? சொல்லாதவர் ஒருவரும் இல்லை. புதுக் காரின் சீட் என்றவருக்கு ஒன்று, குதிரைச் சேணம் என்ற அரபுப் பெரியவருக்கு இன்னொன்று. தாத்தாவின் பூட்ஸ் என்ற ரஷ்யப் பெண்ணுக்குப் புகை தூக்கலாக இருப்பதை எடுத்துக் கொடுத்தேன். அவர் முகர்ந்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை. ஆணை இடுகிறவர்கள் அவர்களில் இருந்திருக்கலாம். எனக்குத் தெரிந்ததெல்லாம், அவர்கள் யாருடைய பக்கத்தில் நிற்க விரும்பினார்கள் என்பது.

நான் ஊர் திரும்புவதற்குச் சில வாரம் முன்பு ஒரு தமிழ்ப் பையன் வந்தான். டீம் லீடர் ஆகிவிட்டானாம், கெத்தாக ஒன்று வேண்டும் அண்ணா என்றான். கேள்வியைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். "கிரிக்கெட் பால்ணா. லீக்ல ஆடுறப்ப முதல் ஓவர்ல புதுப் பந்து கையில குடுப்பாங்கள்ல, அது." எனக்கு அந்தத் தோலும் தெரியும், படிகாரத்தில் பதனிட்டு, சிவப்பேற்றி, மேலே மெழுகு ஓட்டியது. இருந்த தோல் வாசனைகளையெல்லாம் வரிசையாகப் பட்டையில் தெளித்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் மூக்கருகே வைத்து, தன்னை அறியாமல் பேன்ட்டில் தேய்ப்பதுபோல் கையை அசைத்தான்.

"கிட்ட வருதுண்ணா, ஆனா அந்த மெழுகு இல்ல" என்றான். நானும் முகர்ந்து பார்த்தேன். அவன் சொன்னது சரி. எதையும் வாங்காமல், நான்காவது பட்டையை மட்டும் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போனான்.